பண்ணை ஃபிர், மலை ஃபிர்

கேள்வி: சென்ற இதழில் ஃப்ரேசர் ஃபிர் மரத்தை ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பர் வந்தால் இங்கே கிறிஸ்துமஸ் மரமென்று அதைத்தான் அடுக்கி வைத்து விற்கிறார்கள். மேற்கு வட கரோலினாப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் வளர்கிறது. மிகைப்படுத்திவிட்டீர்களோ?
– வாசகர் ஒருவர், சார்லட், அமெரிக்கா

பதில்: மிகையே இல்லை. நீங்கள் பார்ப்பது பண்ணை மரம்; நாங்கள் எழுதியது மலை மரத்தைப் பற்றி. பிராய்லர் கோழி மூலைக்கு மூலை கிடைக்கிறது என்பதற்காகக் காட்டுக்கோழி நலமாக இருக்கிறது என்று சொல்வோமா?

இந்த மரம் இயற்கையாக வளர்வது தெற்கு அப்பலாச்சியன் மலைகளின் சில சிகரங்களில் மட்டும்தான்: வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியாவில் ஒரு மூலை. பனியுகம் முடிந்து தரை சூடேறச் சூடேற, குளிரைத் தேடி மேலே ஏறிய மரம் இது. 2,037 மீட்டர் உயர மிட்செல் சிகரத்துக்கு மேல் ஏற மலை இல்லை.

அந்தச் சிகரத்தில் 1957-ல் ஒரு பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். உடம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு. மாவுப்பூச்சி அப்பிய செம்பருத்தித் தண்டைப் பார்த்திருப்பீர்களே, அடிமரம் அப்படித்தான் வெளுத்துப் போகும். அங்கே இருப்பவை எல்லாமே பெண் பூச்சிகள். ஆண் இல்லாமலே முட்டையிடுகின்றன. பட்டை இடுக்கில் ஊசி போன்ற வாயைச் செருகி உறிஞ்சும்போது உள்ளே மரக்கட்டை இறுகி, நீர் ஏறும் வழி அடைபடுகிறது. வேரடியில் ஈரம் இருக்க, மரம் தாகத்தில் சாகிறது. ஐரோப்பிய ஃபிர் மரங்கள் இந்தப் பூச்சியோடு வாழப் பழகியவை. ஃப்ரேசர் ஃபிருக்கு அந்தப் பழக்கமில்லை. கிரேட் ஸ்மோக்கி மலைகளில் முதிர்ந்த மரங்களில் பெரும்பகுதி போய்விட்டது.

மரம் மட்டும் போகவில்லை. அதன் நிழலில் பாறைமேல் படரும் ஈரப்பாசிதான் மூன்று, நான்கு மில்லிமீட்டரே உள்ள ஒரு சிலந்திக்கு வீடு. நிழல் போனால் பாசி காய்கிறது, சிலந்தியும் போகிறது. 1995-ல் அமெரிக்க அரசு அதை அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. உங்கள் பண்ணையில் எத்தனை லட்சம் மரம் நின்றாலும் இந்தச் சிலந்திக்கு அங்கே இடமில்லை.

கன்றுகள் இன்னும் முளைக்கின்றன, அதுவே எங்கள் நம்பிக்கை. பட்டை வழவழப்பாக இருக்கும்வரை பூச்சிக்கு ஒண்ட இடம் கிடைப்பதில்லை. மரம் வளர்ந்து பட்டை வெடிக்கும்போது வந்து சேர்கிறது. அதற்குள் காய்த்து விதை உதிர்த்துவிட வேண்டும். பண்ணையில் நடப்பது இதற்கு நேர் எதிர். காய் பிடித்தால் மரத்தின் வளர்ச்சி குன்றும், வடிவம் கெடும் என்று ஆள் வைத்துக் காயைக் கிள்ளி எறிகிறார்கள். ஆறேழு அடி உயர்ந்ததும் வெட்டு.

மிட்செல் சிகரத்துக்கு உங்கள் ஊரிலிருந்து காரில் சில மணி நேரம்தான். ஒருமுறை போய் வாருங்கள். ஃபிர் காய் தொங்காது. கிளைமேல் நிமிர்ந்து நிற்கும். முழுதாக விழாது, நின்ற இடத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்து நடுக்குச்சி மட்டும் மிஞ்சும். கிளையில் அந்தக் குச்சிகள் தெரிந்தால், அந்த மரம் பூச்சியை முந்திக்கொண்டு விதைத்துவிட்டது என்று அர்த்தம்.