ரத்த நோயோடு இன்னொரு நோயும்: வாசகர் கேள்விகளுக்கு ரத்தவியல் மருத்துவரின் பதில்கள்

எனக்குப் பிறவியிலேயே ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத தாலசீமியா மேஜர். தவறாமல் ரத்தம் ஏற்றிக்கொள்கிறேன். சர்க்கரை நோயும் உண்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.9 என்று வருகிறது. ஆனால் வீட்டில் விரலில் குத்திப் பார்த்தால், சாப்பிட்ட பிறகு 230க்கு மேல் காட்டுகிறது. எதை நம்புவது?

விரல் சொல்வதை நம்புங்கள். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும், அத்தனை நாளும் உங்கள் சர்க்கரையில் ஊறும் என்ற கணக்கில்தான் எச்பிஏ1சி நிற்கிறது. உங்கள் உடம்பில் ஓடுவதோ பெரும்பாலும் பிறர் கொடுத்த ரத்தம். அது உங்களிடம் வந்தே சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். அந்த 5.9ஐ வைத்து யாரேனும் மருந்தைக் குறைத்தால் தயங்காமல் தடுத்துக் கேளுங்கள். சில வாரச் சர்க்கரையைச் சிவப்பணுவை நம்பாமல் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையோ, தோலில் ஒட்டிக்கொள்ளும் தொடர் கண்காணிப்புக் கருவியோ உங்களுக்குப் பொருத்தமானவை. ஹீமோகுளோபின் மிகவும் இறங்கியிருக்கும் நாட்களில் வீட்டுக் கருவி சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். ஆய்வகத்தில் ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உபரி இரும்பை வெளியேற்ற உடம்புக்கு வழி கிடையாது. அது கணையத்தில் படிந்ததால் உங்களுக்குச் சர்க்கரை வந்திருக்க வாய்ப்பு அதிகம். கணையத்தில் படிந்த இரும்பு இதயத்தை விட்டுவைத்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை மட்டும் போதாது. சாதாரணக் காய்ச்சலில்கூட அது ஏறிவிடும். இதயத்துக்கும் கல்லீரலுக்கும் இரும்பு அளவிடும் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். இரும்பை வெளியேற்றும் மருந்தான டெஃபெராசிராக்ஸ் சாப்பிடுகிறீர்கள் என்றால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையை ஒருமுறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். அந்த மருந்தும் சர்க்கரையும் சேர்ந்து பாரம் ஏற்றுவது ஒரே சிறுநீரகத்தின் மேல்தான்.

சிவப்பணுக்கள் அளவுமீறிப் பெருகும் பாலிசைதீமியா வேரா நோய்க்காக அவ்வப்போது ரத்தம் எடுத்துவிடுகிறார்கள். ஃபெரிட்டின் 8. களைப்பாக இருப்பதால் குடும்ப மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தார். கால் பெருவிரலில் கவுட் என்ற மூட்டு வீக்கமும் வருகிறது.

உங்கள் ரத்தவியல் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடங்காதீர்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கான ஹீமட்டோக்ரிட்டை 45 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கத்தான் ரத்தத்தை எடுக்கிறார்கள். அதனால் இரும்பு குறைவது எதிர்பார்த்ததே. எலும்பு மஜ்ஜை அணுக்களை வேகமாகப் பெருக்காமல் இருக்க அதுவும் ஒரு கடிவாளம். இரும்பைக் கொடுத்தால் ஹீமட்டோக்ரிட் கிடுகிடுவென ஏறும், ரத்தக்கட்டு அபாயமும் கூடவே ஏறும். களைப்பு தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அதைச் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பதைக் குறைத்து, அணுக்களைக் கட்டுப்படுத்தும் மருந்துக்கு மாறலாம்.

கவுட்டும் இதே நோயின் கிளைதான். அணுக்கள் ஏராளமாகப் பிறந்து அழிவதால் யூரிக் அமிலம் கூடுகிறது. வீக்கத்துக்குக் கடையில் தாமாக வாங்கும் வலி மாத்திரை வேண்டாம். ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர் என்றால் வயிற்றில் ரத்தம் கசியலாம்.

தாலசீமியாவின் லேசான வகையான தாலசீமியா மைனர் இருக்கிறது. ஹீமோகுளோபின் 10.5. ஆயுள் முழுக்க இரும்பு மாத்திரை சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் மட்டும், அது சரியாகும் வரை. களைப்பு அதிகமென்றால் தைராய்டையும் பி12ஐயும் பாருங்கள். எல்லாவற்றையும் மைனர் தலையில் கட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

வயது 55, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய். ரத்த அழுத்த மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். இப்போது ஒரு பல் எடுக்க வேண்டும்.

மாத்திரையை இன்றே மருத்துவரிடம் பேசி மீண்டும் தொடங்குங்கள். ரத்தம் உறையாத உடம்பில் கட்டுக்கடங்காத அழுத்தம் மூளைக்குள் கசிவை உண்டாக்கும். பல்லைவிட இது அவசரம். பல் எடுக்கும் நாளை முடிவு செய்யும் முன் பல் மருத்துவரும் ரத்தவியல் மருத்துவரும் பேசிக்கொள்ள வேண்டும். ரத்தம் உறைய உதவும் ஃபேக்டர் 8 எவ்வளவு, எப்போது, கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் எத்தனை நாள் என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் கூடாது. வீட்டுக்கு வந்த பிறகு வாயில் ரத்தம் ஊறிக்கொண்டே இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.