டிரைவரும் முகவரி அகலமும்: 24, 30, 32, 64 பிட் – கேள்வி பதில்

லினக்ஸ் டிரைவர் எழுதத் தொடங்கியிருப்பவர்களிடமிருந்து வந்த கேள்விகள் இவை. டிஎம்ஏ என்றால் சிபியுவின் உதவியின்றிச் சாதனமே நினைவகத்தைப் படிப்பதும் எழுதுவதும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

கேள்வி: என் கணினியில் 16 ஜிபி நினைவகம். பழைய பிசிஐ கார்டுக்கோ 32 பிட் முகவரிதான் தெரியும். 4 ஜிபிக்கு மேலே இருக்கும் தரவை அது எப்படி எடுக்கிறது?

அது மேலே ஏறுவதில்லை, கெர்னல்தான் தரவைக் கீழே இறக்கித் தருகிறது. 4 ஜிபிக்குக் கீழே முன்பே ஒதுக்கிய ஓர் இடைத்தங்கல் பஃபரில் நகலெடுத்து, அந்த இடத்தின் முகவரியைக் கார்டிடம் கொடுக்கிறது. இந்தப் பஃபர் வழக்கமாக 64 எம்பி. ஒவ்வொரு முறையும் நகலெடுப்பதால் வேகம் குறையும். ஐஓஎம்எம்யூ (சாதனம் தரும் முகவரியை மெய்முகவரியாக மாற்றும் வன்பொருள்) வேலை செய்யும் கணினியில் நகல் தேவையில்லை. மேலே உள்ள பக்கத்துக்குக் கீழே ஒரு மாற்று முகவரி கிடைத்துவிடும். அதனால் மெய்முகவரியை நீங்களே கணக்கிட்டுச் சாதனத்திடம் தராதீர்கள். டிஎம்ஏ மேப்பிங் திருப்பித் தரும் எண் எதுவோ அதையே கொடுங்கள். அதற்கு முன் மேப்பிங் தோற்றதா என்றும் பாருங்கள். 64 எம்பியும் நிரம்பும் நாள் வரும்.

கேள்வி: முதலில் 64 பிட் மாஸ்க் (சாதனத்துக்கு எட்டும் முகவரி அகலம்) கேட்டு, கிடைக்காவிட்டால் 32 கேட்கும் நிரலைப் பல டிரைவர்களில் பார்க்கிறேன். நானும் அப்படியே எழுதவா, அண்ணா?

வேண்டாம், தம்பி. இன்றைய கெர்னலில் 64 பிட் மாஸ்க் தோற்பதில்லை. "என் சாதனத்துக்கு இத்தனை பிட் வரை எட்டும்" என்று நாம் சொல்கிறோம், அவ்வளவுதான். அது அனுமதி கேட்பதாகாது. சாதனம் 40 பிட் என்றால் 40 என்றே சொல்லுங்கள். நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 32 என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். கூட்டிச் சொன்னால் தரவு வேறொருவர் நினைவகத்தில் போய் விழும்.

கேள்வி: என் டிரைவர் 4 ஜிபி கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. 8 ஜிபி கணினியில் மட்டும் எப்போதாவது தரவு கெட்டுப்போகிறது. எங்கே தேடுவது?

முகவரியை 32 பிட் மாறியில் வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நானும் இதே குழியில் விழுந்து இரண்டு நாள் கிடந்திருக்கிறேன். பதினாறடிமான எண்ணில் 1 2345 6000 என்ற முகவரி வருகிறது. 32 பிட் மாறியில் போட்டால் முன்னால் இருக்கும் 1 உதிர்ந்து 2345 6000 மட்டும் மிஞ்சும். சாதனம் சரியாக 4 ஜிபி தள்ளி எழுதும்; பிழைச்செய்தி ஒன்றும் வராது. முகவரிக்கென்றே கெர்னலில் இருக்கும் மாறி வகையைப் பயன்படுத்துங்கள்.

மாறி சரியாக இருந்தால், முகவரியை இரு பாதியாக எழுதும் சாதனத்தின் ரெஜிஸ்டர்களைப் பாருங்கள். கீழ்ப்பாதியை எழுதிவிட்டு மேல்பாதியை மறப்பது வழக்கமான தவறு. பூஜ்யமாக இருந்தாலும் மேல்பாதியை எழுதுங்கள். முந்தைய முறையின் எச்சம் அங்கே கிடக்கலாம்.

கேள்வி: ராஸ்பெரி பை 4-இல் மட்டும் ஏன் இத்தனை குழப்பம்?

ஒரே பலகையில் பல அகலங்கள் கூடியிருப்பதால். சில உள்சாதனங்களுக்கு 30 பிட்தான், அதாவது முதல் 1 ஜிபிதான் எட்டும். இதற்காகவே 64 பிட் ஆர்ம் கெர்னலில் 5.5 பதிப்பில் தாழ்வான நினைவக மண்டலம் ஒன்று சேர்ந்தது. தொடக்ககாலச் சில்லுகளில் பிசிஐ எக்ஸ்பிரஸ் கட்டுப்படுத்திக்கு முதல் 3 ஜிபிதான் எட்டும். யுஎஸ்பி சில்லு அதன் வழியாகத்தான் போகிறது. சில்லு 64 பிட் என்று சொல்வது பொய்யில்லை, ஆனால் போகும் பாதை குறுகல். அந்தப் பாதையின் எல்லையை டிவைஸ் ட்ரீயில் (பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) எழுதுவார்கள். கெர்னல் இரண்டில் சிறியதை எடுத்துக்கொள்ளும். டிரைவரில் பலகையின் பெயரைப் பார்த்து மாஸ்க்கை மாற்றும் நிரலைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: சாதனமே "64 பிட் முடியும்" என்று சொன்னால் நம்பலாமா, ஐயா?

பெரும்பாலும் நம்பலாம். வட்டுகளை இணைக்கும் ஏஎச்சிஐ சாட்டா கட்டுப்படுத்திகள் இதைத் திறன் ரெஜிஸ்டரின் 31-ஆம் பிட்டில் சொல்லும். ஆனால் ஏஎம்டியின் எஸ்பி600 போன்ற சிலவற்றை லினக்ஸ் நம்புவதில்லை. எஸ்பி600-ஐ 32 பிட்டிலேயே ஓட்டுகிறது. சில தாய்ப்பலகைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கேள்வி: 24 பிட் இன்னும் இருக்கிறதா?

ஐஎஸ்ஏ (பிசிஐக்கு முந்தைய கார்டு இணைப்பு) காலத்து 16 எம்பி எல்லை அது. எக்ஸ்86 கெர்னலில் அந்த மண்டலம் இன்னும் உண்டு. புதிய டிரைவரில் தொடவேண்டாம்.

கேள்வி: என்னிடம் பழைய கார்டோ பெரிய நினைவகமோ இல்லை. எப்படிச் சோதிப்பது?

கணினி துவங்கும்போது இடைத்தங்கல் பஃபரைக் கட்டாயமாக்கும் அளபுரு ஒன்று உண்டு. அதைக் கொடுத்தால் 64 பிட் சாதனமும் நகல் வழியாகவே போகும். பஃபரைச் சிபியு படிக்கும் முன் ஒத்திசைக்க மறந்திருந்தால் பழைய தரவோ குப்பையோ உடனே கண்ணில் படும். டிஎம்ஏ பிழைகாணல் வசதியையும் இயக்கிக் கெர்னலைத் தொகுத்தால், மேப்பிங் தோல்வியைச் சரிபார்க்காத இடங்களையும் பதிவேட்டில் எச்சரிக்கையாகக் காட்டும்.