ஒரு கண் போனால் 30 சதவீதம்தானா?

கேள்வி: சாலை விபத்தில் எனக்கு இடது கண் பார்வை முழுதாகப் போய்விட்டது. இடது முழங்காலும் சரியாக மடங்கவில்லை. மருத்துவ வாரியம் கண்ணை மட்டும் பார்த்து 30 சதவீதம் என்று சான்று கொடுத்துவிட்டது. காலைப் பற்றிச் சொன்னேன், யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு 40 கேட்கிறார்கள். டாக்டர்மேல் வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கெல்லாம் வேண்டாம். கண்ணுக்குப் போட்ட கணக்கில் தப்பில்லை. பார்வையை அளக்கும்போது, கண்ணாடி போட்ட பிறகு நல்ல கண்ணில் எவ்வளவு தெரிகிறது என்பதைத்தான் முக்கியமாகப் பார்ப்பார்கள். உங்கள் வலது கண் 6/6, அதாவது இயல்பான பார்வை, என்று சான்றிலேயே இருக்கும், பாருங்கள். ஒரு கண் சரியாக இருந்து மற்றது அடியோடு போயிருந்தால் மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 30தான். ஒற்றைக் கண்ணோடு மாடிப்படி இறங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பீர்கள். நியாயம்தான், ஆனால் அது வாரியத்தில் எடுபடாது.

உங்கள் பிடி காலில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடுகள் சேர்ந்திருப்பதும் ஒன்று. எலும்பு டாக்டர் காலுக்கு 20 கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 30-ஐயும் 20-ஐயும் கூட்டி 50 என்று போடமாட்டார்கள். இரண்டையும் இணைக்க வழிகாட்டுதலில் தனிச் சூத்திரம் உண்டு, அது 90-ஐ வைத்துக் கணக்கிடும்: 90-இல் 30 போக மீதி 60. அதை 20-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 13 சொச்சம். அதை 30-உடன் சேர்த்தால் 43. எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

அதனால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யுங்கள். முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள்தான் அவகாசம். "காலையும் பரிசோதித்து இணைத்து மதிப்பிட வேண்டும்" என்று தெளிவாக எழுதி, சான்றின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பிசியோதெரபி சீட்டு எல்லாவற்றையும் வையுங்கள். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று டாக்டர் எழுதிய தாள் இருந்தால் அதை மேலே வையுங்கள். 'நடக்கச் சிரமம்' என்ற வரியை வைத்து யாரும் சதவீதம் போட முடியாது.

சரி, அப்போதும் 40 வரவில்லை என்றால்? 4 சதவீத வேலை ஒதுக்கீடு கிடைக்காது. ஆனால் 40-க்குக் கீழே இருப்பவருக்கு உரிமையே இல்லை என்று அர்த்தமில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒருவருக்கு, 40 சதவீதம் இல்லாவிட்டாலும் தேர்வில் தனக்காக எழுத உதவியாளர் வைத்துக்கொள்ளலாம் என்று 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அப்புறம் ஒன்று கேட்க விட்டுப்போனது: விபத்து நடந்தபோது ஏற்கெனவே அரசுப் பணியில் இருந்தீர்களா? இருந்திருந்தால் அதே 2016 சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி இந்தக் குறைபாட்டைக் காட்டி வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. அது வேறு மனு. பணி நியமன ஆணையோடு எழுதுங்கள்.