யாரைப் பாத்து வரைஞ்ச?

அன்புள்ள அக்காவுக்கு,

சமீபத்துல கொச்சி போனப்ப கேரள ஓவியர் டி.கே.பத்மினியோட ஓவியங்களைப் பாத்தேன். கூட வந்த ஃப்ரெண்ட் "பாவம்டி, சின்ன வயசுலயே பிரசவத்துல போயிட்டாங்க"ன்னு சொன்னதும் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அந்த நிர்வாணப் பொண்ணுங்க முன்னாடி நிக்கக் கூச்சமாவும் இருந்துச்சு. அதுல இருக்கறது ஆசையா, சோகமா? நானும் வரையறேன். என் நோட்டை அம்மா பாத்துட்டு "யாரைப் பாத்து வரைஞ்ச?"ன்னு மட்டும் கேட்டாங்க, அப்புறம் முகம் குடுத்துப் பேசல. எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடலாமான்னு இருக்கு. பேர் போட வேண்டாம்.

---

அன்புள்ள தங்கச்சிக்கு,

பத்மினி பத்தி யார் பேசினாலும் அந்தப் "பாவம்" முதல்ல வந்துடுது. 1969 மே 11, அவங்க 29-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பிரசவத்துல இறந்துபோனாங்க, குழந்தையும் பொழைக்கல. இதைக் கேட்டா யாருக்கும் மனசு கனக்கத்தான் செய்யும். ஆனா அந்தப் பாவத்தைச் சொல்லிச் சொல்லியே அவங்க வரைஞ்சதைப் பாக்காம நழுவிடறோம்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கோவம் உண்டு, ஏன்னா செத்துப்போன பொண்ணுன்னா நமக்குப் பிரியம் வந்துடுது, அவ உயிரோட இருந்தப்ப எதை விரும்பினா, எதைத் துணிஞ்சு கோட்டுல போட்டான்னு கேக்கத்தான் தயக்கமா இருக்கு. உங்களுக்கு வந்த கூச்சம் இருக்கே, அது அந்தக் கண்ணீரை விட நேர்மையானது, அதைப் பிடிச்சுக்கோங்க.

பத்மினி கேரளாவுல பொன்னானி பக்கம் காடஞ்சேரிங்கற கிராமத்துல பொறந்தவங்க. சின்ன வயசுலயே அப்பா போயிட்டார், தாய்மாமா துணையா நின்னார், ஆர்ட்டிஸ்ட் நம்பூதிரி கிட்ட வரையக் கத்துக்கிட்டாங்க, 1961ல மெட்ராஸ் வந்து எழும்பூர் ஓவியக் கல்லூரில ஓவியர் கே.சி.எஸ்.பணிக்கர் முதல்வரா இருந்த காலத்துல படிச்சாங்க. ஒரு கிராமத்துப் பொண்ணு தனியா மெட்ராஸ்ல தங்கி ஓவியம் படிக்கறது அந்தக் காலத்துல லேசுப்பட்ட விஷயம் இல்ல, அதுவும் வரையறது பூவும் கோலமும் இல்லாம உடம்பை.

அவங்களுக்கு முன்னாடி கேரளத்துல பொண்ணை எப்படி வரைஞ்சாங்கன்னு பாத்தா இது இன்னும் புரியும். ரவி வர்மாவோட சகுந்தலை ஞாபகம் இருக்கா, நம்ம வீடுகள்ல காலண்டர்லயும் தொங்கினது? கால்ல முள்ளு குத்தின மாதிரி நின்னு, தோழி மேல கை வெச்சுக்கிட்டு திரும்பிப் பாக்கறா. முள்ளெல்லாம் சும்மா, துஷ்யந்தனை இன்னொரு தடவை பாக்கணும், அவ்வளவுதான். அழகான படம், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல ஒரு விதி இருக்கு பாருங்க: பொண்ணுக்கு ஆசை வரலாம், ஆனா ஒரு சாக்கு வேணும், புடவை நலுங்காம இருக்கணும், ஆசை போய்ச் சேர ஒரு ஆம்பளை, படத்துல தெரியாட்டியும், அந்தப் பக்கம் இருந்தே ஆகணும்.

பத்மினி வரைஞ்ச பொண்ணுங்க கிட்ட அந்தச் சாக்கு கிடையாது. மை கோட்டுலயும் சரி, எண்ணெய் வண்ணத்துலயும் சரி, கருத்த, கனத்த உடம்பு, அகலமான கண்ணு, மார்பை மறைக்க ஓடாத கை. யாரையும் மயக்கணும்னு நிக்கல, யாரோ பாத்துட்டாங்களேன்னு ஒடுங்கவும் இல்ல. உங்க கூச்சம் அங்கருந்துதான் வந்திருக்கும்னு நினைக்கறேன், ஏன்னா நிர்வாணத்தைப் பாத்தா ஒண்ணு ரசிக்கணும் இல்ல பரிதாபப்படணும்னுதான் நமக்குப் பழக்கம், அந்த உடம்பு ரெண்டையும் கேக்கலன்னா நாம என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கறோம். சோகம் இல்லாமலும் இல்ல, அந்த முகங்கள்ல ஒரு இறுக்கம் இருக்கு. ஆசையும் அதை அடக்கச் சொல்ற ஊரும் ஒரே உடம்புக்குள்ள இருந்தா முகம் அப்படித்தான் இருக்கும். அதனால ஆசையா சோகமான்னு ஒண்ணை எடுத்து உங்க கிட்ட குடுக்க என்னால முடியாது, ரெண்டையும் ஒரே கோட்டுல பிடிச்சதுதான் அவங்க கெட்டிக்காரத்தனம்.

இப்ப அம்மா கேட்ட கேள்வி. "யாரைப் பாத்து வரைஞ்ச?" அந்தக் கேள்வியும் சகுந்தலை படத்து விதிதான், எங்கயோ ஒரு துஷ்யந்தன் இருக்கணும்ங்கறது. அம்மா மேல கோவப்படாதீங்க, அவங்களுக்கு யாரும் வேற மாதிரி சொல்லிக்குடுக்கல. அவங்க பயம் உங்க படத்தைப் பத்தினது இல்ல, நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னுதான். ஆனா அந்தப் பயத்துக்காக நீங்க கிழிக்க வேண்டியதில்ல.

ஜெர்மனில கேத்தே கோல்விட்ஸ்னு ஒருத்தங்க. ஏழைங்க, பசி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்னு வரைஞ்சு உலகத்துக்கே தெரிஞ்சவங்க, ஊர் கண்ணுக்கு அவங்க ஒரு தாய். அதே கையால 1910 வாக்குல காதலர்கள் கட்டிப்புரளற மாதிரி கரித்துண்டுல வரைஞ்சு வெச்சிருந்தாங்க, வெளிய காட்டல, ஆனா கிழிக்கவும் இல்ல. அதனாலதான் அந்தத் தாய்க்குள்ள இப்படி ஒருத்தியும் இருந்தான்னு இன்னைக்கு நமக்குத் தெரியுது. மறைச்சு வெக்கறது கோழைத்தனம்னு நான் சொல்லவே மாட்டேன். வீட்டுல இருந்துக்கிட்டு, படிப்புக்கு வீட்டாரோட கைய எதிர்பாத்துக்கிட்டு இருக்கற பொண்ணு எல்லாத்தையும் ஊருக்குக் காட்டணும்னு சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது, எனக்கும்தான்.

நோட்டை நம்பிக்கையான ஒருத்தர் வீட்டுல வைங்க. ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி எழுதுங்க. பால்பாயிண்ட் பேனாவுல வரைஞ்சிருந்தா வெளிச்சம் படாம வைங்க, மங்கிடும், அடுத்ததுல இருந்து இந்தியன் இங்க் வாங்கிக்கோங்க. உங்களுக்கு இஷ்டம்னா ஒரு படத்தை ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, கோடு எப்படி வந்திருக்குன்னு மட்டும் பேசலாம், யாரைப் பாத்துன்னு நான் கேக்க மாட்டேன்.

அன்புடன்,
அக்கா