தையலக்கா பதில்கள்: ரங்கூன் வெயில் வேறு, பகான் வெயில் வேறு

பங்குனி பிறந்ததும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: ஊர் போகிறோம், என்ன உடுத்துவது? ஜாக்கெட் கழுத்து, ஃபால்ஸ், பழைய சேலையில் சுடிதார் பற்றி எழுதியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அடுத்த இதழில் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா, பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞான் விடுமுறையில் குடும்பத்தோடு பகான் பழங்கோயில்களும் பொப்பா மலையும் பார்க்கப் போகிறோம். ரங்கூன் வெயிலே தாங்க முடியவில்லை, அங்கே இன்னும் மோசம் என்கிறார்கள். எல்லோருக்கும் கையில்லாத பனியன், அரைக்கால் சட்டை வாங்கி வைத்துவிட்டேன். சரிதானே?
– வாசகி, ரங்கூன்

வாங்கியதை வீட்டில் போடுங்கள். பகானுக்கு வேண்டாம்.

நம் ரங்கூன் கடலுக்குப் பக்கம். காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் வியர்வை வரும், ஆனால் காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஒரு லிட்டர் வியர்வை முழுக்கக் காய்ந்தால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். முதுகில் வழிந்து இடுப்பில் சொட்டுகிற வியர்வையால் ஒரு பிரயோசனமும் இல்லை. அதனால் இங்கே தோலில் காற்றுப் பட வேண்டும். மெல்லிய துணி, பெரிய அக்குள், தொளதொளவென்ற வெட்டு. கையில்லாத சட்டைகூட ரங்கூனில் நிழலில் இருக்கிறவருக்குச் சுகம்தான்.

பகான் அப்படி இல்லை. அரக்கான் மலைத்தொடர் மழையை மறித்துவிடுவதால் அது வறண்ட பூமி. எள்ளும் கடலையும் பனையும்தான் விளையும். பகானுக்குத் தெற்கே ஐராவதிக் கரையில் இருக்கும் சௌக் ஊரில் 2024 ஏப்ரல் 28 அன்று 48.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. நம் தோலின் சூடு 35 டிகிரி அளவில் இருக்கும். காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், அது வீசும்போது உடம்புச் சூட்டை எடுப்பதற்குப் பதில் அனலைக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்துவிடும், அதற்குச் சட்டைக் கையை வெட்ட வேண்டியதில்லை. வெயிலையும் அனலையும் தோலில் படாமல் தடுப்பதுதான் துணியின் வேலை. அந்தப் பக்கத்துக் கடலைக் காட்டில் வேலை செய்கிறவர்களைப் பாருங்கள். முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரை லுங்கி, தலையில் மூங்கில் தொப்பி. அவர்களுக்குத் தெரியாதா?

ஆகவே ஆளுக்கு இரண்டு முழுக்கைப் பருத்திச் சட்டை, வழக்கமான அளவைவிட ஒரு சைஸ் பெரிதாக. கழுத்துக்குக் காலர் இருக்கட்டும், பின்கழுத்துதான் முதலில் கறுக்கும். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, பின்னால் கையை வையுங்கள். விரல்கள் தெளிவாகத் தெரிந்தால் அது ரங்கூனுக்கு நல்ல துணி, பகானுக்குப் போதாது. மெல்லிய வெள்ளைப் பனியன் துணி வெயிலின் புற ஊதாக் கதிரில் ஆறில் ஒரு பங்கு வரை உள்ளே விட்டுவிடும். நனைந்தால் இன்னும் அதிகம். நெருக்கமாக நெய்த பாப்ளின் சட்டை வாங்குங்கள்.

எப்படியும் கோயில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அரைக்கால் சட்டையோடு போய், வாசலில் வாடகை லுங்கிக்கு நின்றுகொண்டிருக்காதீர்கள். செருப்பு, காலுறை இரண்டையும் கழற்ற வேண்டும் என்பதால் வார் கட்டுகிற ஷூ வேண்டாம், உதறினால் கழன்றுவிடுகிற செருப்புப் போதும். பகல் பதினொரு மணிக்குச் செங்கல் தளத்தில் வெறுங்கால் வைத்தால் ஊரைக் கூட்டிவிடுவீர்கள். காலையிலேயே பார்த்து முடித்துவிட்டு, மறுபடி வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள். பொப்பாவில் 777 படி, அதுவும் வெறுங்காலோடு. அங்கே குரங்குகள் உண்டு. தொங்குகிற துப்பட்டா, மாட்டிக்கொண்ட தொப்பி, கைப்பை எல்லாம் அவற்றுக்கும் பிடிக்கும்.

சித்திரை ஒன்றாம் தேதி கோயிலுக்குப் பட்டுச் சேலை கட்டிப் போக ஆசை. ஆனால் அன்றைக்கு வீதியெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள். வெயிலும் கொளுத்தும். என்ன செய்யலாம்?
– வாசகி, பெகு

நம் வருடப் பிறப்பு திஞ்ஞானுக்கு நடுவில் வந்து மாட்டிக்கொள்வது இந்த நாட்டில் நமக்கென்றே உள்ள சங்கடம். புத்த பிக்குகள் மீதும் கர்ப்பிணிகள் மீதும் ஊற்ற மாட்டார்கள். பட்டுச் சேலைக்கு அந்தச் சலுகை கிடையாது.

காலை ஏழு மணிக்குள் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிட முடிந்தால் பட்டே கட்டுங்கள், தண்ணீர் ஊற்றுகிற பந்தல்கள் அதற்கு அப்புறம்தான் சூடு பிடிக்கும். முடியாது என்றால் காட்டன் சேலையில் போங்கள், அம்மன் ஒன்றும் சொல்ல மாட்டாள். பட்டு நனைந்தால் சிவப்புக் கரை சந்தன உடலில் இறங்கும். அப்படி நனைந்து என்னிடம் கொண்டுவந்த சேலைகளில் பாதியைத் தாவணிக்கும் தலையணை உறைக்கும் வெட்டத்தான் முடிந்தது. நனைந்துவிட்டால் பிழியாதீர்கள், மடிக்கவும் வேண்டாம். உடனே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் விரித்துக் காயப்போடுங்கள்.

ஆனால் வெயில் என்று கேட்டீர்களே, உடம்பு வேகுவதற்குக் காரணம் பெரும்பாலும் சேலை இல்லை. சேலைக்கு உள்ளே இருப்பதைப் பாருங்கள். மேலே ஐந்தரை மீட்டர் அருமையான கைத்தறி, உள்ளே வழுவழுவென்று பாலியெஸ்டர் சாட்டின் உள்பாவாடை. ஜாக்கெட் காட்டன், லைனிங் பாலியெஸ்டர். இப்படிக் கட்டிக்கொண்டு "காட்டன்கூட வேகுதுக்கா" என்றால் நான் என்ன செய்ய? லைனிங்குக்கு மல் என்கிற மெல்லிய பருத்தித் துணி வையுங்கள் என்று தையல்காரரிடம் அடித்துச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் விலை குறைந்ததைத்தான் வைப்பார்கள். எங்கள் தொழிலில் அது ஊரறிந்த விஷயம். உள்பாவாடை பாப்ளினில் தைக்கக் கொடுங்கள். நாடாவுக்குப் பதிலாக அரை அங்குல அகலப் பட்டி வைத்துத் தைத்தால் இடுப்பில் வெட்டாது. கோடையில் இடுப்பைச் சுற்றிப் புண் வந்து, சேலையே வேண்டாம் என்று விட்டவர்கள் பலர். அவர்களை விரட்டியது அந்த மெல்லிய நாடாதான்.

இன்னொன்று, கஞ்சி. மொடமொடப்பு அழகுதான், ஆனால் கஞ்சி காய்ந்து இழைகளுக்கு இடையில் உள்ள துளைகளை அடைத்துவிடும். பயணத்துக்கு எடுக்கிற சேலையைக் கஞ்சி போடாமல் துவையுங்கள். வியர்வையில் கஞ்சி பிசுபிசுப்பதும் இருக்காது.

இரவு பஸ்ஸில் வேலை விஷயமாக அடிக்கடி மாந்தலே போகிறேன். ஜீன்ஸ்தான் வசதி. நண்பர்கள் லுங்கி கட்டு என்கிறார்கள். நவீனமாக இருக்காதே?
– வாசகர், ரங்கூன்

தம்பி, நாடு முழுக்க அலுவலகத்திலும் கல்யாணத்திலும் லுங்கி கட்டுகிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன வெட்கம்? ஜீன்ஸ் கனமான துணி, ஒருமுறை நனைந்தால் ஒரு பகல் முழுக்கக் காயாது, ராத்திரி முழுக்க உட்கார்ந்தால் முழங்காலுக்குப் பின்னால் வேகும். முடிச்சு அவிழுமோ என்கிற பயம் இருந்தால் உள்ளே ஒரு காட்டன் அரைக்கால் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஜீன்ஸை விடவே மாட்டேன் என்றால் தொளதொளப்பான காட்டன் பேன்ட்டுக்காவது மாறுங்கள்.

பஸ்ஸுக்குள் கதையே வேறு. ஏஸியை முழுதாக வைத்துவிடுவார்கள், வழியில் உள்ள 115 மைல் ஓய்விடத்தில் இறங்கினால் அனல், ஏறினால் மார்கழி. கம்பளி வேண்டாம். ஒரு பருத்திச் சால்வை கைப்பையில் இருக்கட்டும், லக்கேஜில் போட்டுவிட்டுத் தேடாதீர்கள். மாந்தலேயிலிருந்து மேமியோவுக்கு ஏறுகிறவராக இருந்தால் அந்தச் சால்வை அங்கேயும் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊர், ராத்திரியில் கொஞ்சம் குளிரும்.

என் மகள் கறுப்பு டீ ஷர்ட் தவிர வேறெதுவும் போட மாட்டேன் என்கிறாள். கறுப்பு வெயிலை இழுக்குமே, நீங்கள் சொன்னால் கேட்பாள்.
– வாசகி, மோல்மேன்

என்னைத் துணைக்கு அழைத்தீர்கள், நான் பாதி அவள் பக்கம்.

கறுப்பு வெயிலை அதிகம் வாங்கும், அது உண்மை. ஆனால் பாலைவனத்துப் பெதுயீன் மக்கள் கறுப்பு அங்கிதான் போடுகிறார்கள். ஏன் என்று ஆராய்ந்து 1980-ல் நேச்சர் அறிவியல் இதழில் ஒரு கட்டுரை வந்தது. கறுப்பு அங்கி போட்டாலும் வெள்ளை அங்கி போட்டாலும் உடம்புக்குச் சேர்ந்த சூடு ஒன்றுதான். கறுப்புத் துணி கூடுதலாக வாங்கிய சூடு தோலுக்கு வருவதற்குள், அங்கிக்குள் புழங்குகிற காற்று அதை வெளியே கொண்டுபோய்விடுகிறது. கவனியுங்கள், அங்கி தொளதொளப்பானது. அதே கறுப்பை உடம்போடு ஒட்டிய டீ ஷர்ட்டாகப் போட்டால் சூடு நேரே தோலுக்குத்தான் வரும்.

எனவே சண்டையை நிறத்தில் போடாதீர்கள், அளவில் போடுங்கள். இரண்டு சைஸ் பெரிய கறுப்புக் காட்டன் சட்டை வாங்கிக் கொடுங்கள், இப்போது அதுதான் நாகரிகமாம். திஞ்ஞானில் தண்ணீர் விளையாடப் போனால் அவள் கறுப்பே நல்லது. வெள்ளை நனைந்தால் என்ன ஆகும் என்று தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு மட்டும் பாலியெஸ்டர் ஸ்போர்ட்ஸ் சட்டைகூடப் பரவாயில்லை, சீக்கிரம் காயும். நாற்றம் பிடிக்கும் என்பதால் அன்றே துவைத்துவிடச் சொல்லுங்கள்.

கடைக்காரர் எல்லாத் துணியையும் சுத்தக் காட்டன் என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், தாட்டோன்

ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவுங்கள். வீட்டுக்கு வெளியே வைத்துக் கொளுத்துங்கள், கடைக்குள் வேண்டாம். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பு மணி போலக் கெட்டியாகும். இரண்டும் கலந்தால் சாம்பலுக்குள் மணி இருக்கும்.

ரேயான் மட்டும் இந்தச் சோதனையில் ஏமாற்றும், அதுவும் காகிதம் போலத்தான் எரியும். அதற்கு ஒரு வழி உண்டு. இழையின் நடுவை நாக்கில் நனைத்து இரண்டு பக்கமும் இழுங்கள். ரேயான் நனைந்த இடத்தில் பட்டென்று அறும். பருத்தி நனைந்தால் இன்னும் உறுதியாகும். சூரத்தி பஜாரில், அதாவது இன்றைய தெயின்ஜி சந்தையில், என் அம்மா துணி எடுக்கும்போது இதைத்தான் செய்வார். கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், ஆனால் பொய் சொல்ல மாட்டார்கள்.

ரேயான் கெட்டது என்று சொல்லவில்லை. பருத்தி சாதாரண நிலையில் தன் எடையில் 8 சதவீதம் அளவு ஈரத்தை வைத்துக்கொள்ளும், ரேயான் அதைவிட அதிகம், பாலியெஸ்டர் அரை சதவீதம்கூட இல்லை. ஆனால் நனைந்த ரேயான் உடம்போடு ஒட்டும், துவைத்தால் சுருங்கும். பருத்தியோ ரேயானோ, தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுக் கொண்டுவாருங்கள். இதைச் செய்யாமல் வந்து "அக்கா சின்னதாத் தச்சுட்டீங்க" என்று சண்டை போடுகிறவர்களுக்கு நான் டீ கொடுப்பதில்லை.

எட்டு மாதக் குழந்தைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. ஊருக்குக் கொண்டுபோகலாமா?
– வாசகி, பெகு

கொண்டுபோவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள், உடுப்பை மட்டும் நான் சொல்கிறேன். நெட் வைத்த ஃபிராக், நைலான் லேஸ், தொப்பி, சாக்ஸ் எல்லாம் படம் எடுக்க மட்டும். வியர்வைத் துவாரம் அடைபடுவதால்தான் வேர்க்குரு வருகிறது, அதனால் கனமாக எண்ணெய் தேய்க்காதீர்கள், பவுடரை அப்பாதீர்கள். முன்பக்கம் முடிச்சுப் போடுகிற பழைய மல் சட்டை போதும். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் தைத்தால் இன்னும் நல்லது, பலமுறை துவைத்த துணிக்கு நிகரான மென்மை புதுத் துணிக்கு வராது. தையலை வெளிப்பக்கமாக வையுங்கள்.

என் மாமியாருக்கு எழுபது வயதுக்கு மேல். எந்தப் பயணம் போனாலும் நைலக்ஸ் என்கிற நைலான் சேலைதான், இஸ்திரி வேண்டாம், கசங்காது என்கிறார். எப்படி மாற்றுவது?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

மாற்ற முடியாது. பாப்ளின் உள்பாவாடையும் மல் லைனிங் ஜாக்கெட்டும் தைத்துக் கொடுங்கள், பரிசு என்று சொல்லிக் கொடுங்கள். ரயிலில் ஜன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுவிடுங்கள்.