நகம் வெட்டிவிடச் சொன்னவர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு ஊர் மார்த்தாண்டம் பக்கம், வயது 27. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்கு மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோகிறோம். பிறருக்குத் தொண்டு செய்தால் மனம் பக்குவப்படும், அதுவே ஓர் ஆன்மிகப் பாதை என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். போன மாதம் அங்கே ஒரு தாத்தா, நான் நீட்டிய பொட்டலத்தை வாங்காமல், "சோறு இங்கயும் தருவாங்க மக்கா. எனக்க கால்ல நகம் வளந்து குத்துது, அத வெட்டித் தருவியா?" என்று கேட்டார். காலைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் தாத்தா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வாரமாகப் போகவில்லை. தியான வகுப்புக்குப் போகும் நண்பன், "முதலில் உன்னைச் சரிசெய், அப்புறம் சேவை. இல்லாவிட்டால் அகங்காரம்தான் வளரும்" என்கிறான். அவன் சொல்வது சரியா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் கேள்வியைவிட அந்தத் தாத்தா கேட்டதுதான் மனதில் நிற்கிறது. ஞாயிறு, மதியம், பொட்டலம் என்று ஒரு வருடமாக எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்தீர்கள். அன்றைக்குத்தான் அவர் தனக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து சொன்னார்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. சேவையிலும் அகங்காரம் வளரும். எனக்கு வளர்ந்தது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனால் 'முதலில் இது, அப்புறம் அது' என்று வரிசை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1892 டிசம்பரில் விவேகானந்தர் நம் குமரிமுனைப் பாறையில் தியானத்தில் உட்கார்ந்தார். அங்கே என்ன தோன்றியது என்பதை 1894 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து தன் சகோதரத் துறவி ராமகிருஷ்ணானந்தருக்கு எழுதினார். இத்தனை சந்நியாசிகள் ஊர் ஊராக அலைந்து மக்களுக்குத் தத்துவம் சொல்கிறோமே, இது பைத்தியக்காரத்தனம், வெறும் வயிற்றுக்கு மதம் ஆகாது என்று நம் குருநாதர் ராமகிருஷ்ணர் சொல்லவில்லையா என்று கேட்கிறார். கண்ணை மூடி உட்கார்ந்தவருக்குள் வந்து நின்றது பட்டினி கிடந்த ஜனங்கள்தான்.

நம் குமரி மாவட்டத்து நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1922இல் எவரெஸ்ட் ஏறப்போன ஆங்கிலேயர் குழுவில் இருந்தவர் அவர். அந்த ஜூன் மாதம் பனிச்சரிவில் சிக்கிச் சுமை தூக்க வந்த ஏழு பேர் செத்துப்போனார்கள். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் பிழைத்துவிட்டார்கள். எங்களில் ஒருவராவது அவர்களோடு போயிருக்கக் கூடாதா என்ற எண்ணம் அவரை அரித்தது. மலையிலிருந்து இறங்கி, நாட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு தெற்கே வந்தவர் நெய்யூருக்கும் வந்தார். அந்த மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒற்றை ஆளாக அறுவை சிகிச்சை செய்து களைத்துப்போன டாக்டரையும் பார்த்தார். லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்தார். 1924இல் மறுபடியும் எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி வரை ஏறி, திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். இருபது வருடத்துக்கு மேல் இருந்தார். மனம் தெளிந்த பிறகு வருகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. ஏழு சாவின் பாரத்தோடேயே கத்தியைக் கையில் எடுத்தார்.

பொட்டலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கொடுப்பது தூர நின்றும் செய்யக்கூடிய காரியம். நம் ஊரும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில் எந்தச் சாதிக்காரர் யாரைவிட்டு எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று கணக்கு இருந்தது. அதே நாட்டில் ஊட்டுப்புரை என்ற இலவசச் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்களுக்குச் சோறும் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தச் சாதிக் கொடுமையை எதிர்த்த அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் செய்தது வேறு. முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதிக்காரர்களையும் ஒன்றாக இறைத்துக் குளிக்க வைத்தார், ஒரே பந்தியில் சாப்பிட வைத்தார். தம்பி, நகம் வெட்ட வேண்டுமென்றால் அந்தப் பாதத்தை எடுத்து உங்கள் மடியில் வைத்தாக வேண்டும். உங்களுக்குக் குமட்டியது அதனால்தான்.

இனி என் கதை. என் பெரியம்மை பக்கவாதம் வந்து பதினான்கு மாதம் படுக்கையில் கிடந்தாள். பிள்ளைகள் வளைகுடாவில். நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டோம். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியும்தான். ராத்திரி வேலை என்னுடையது. பார்க்க வருகிறவர்கள், "பெத்த பிள்ளகூட இப்பிடிப் பாக்கமாட்டான்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது. யாராவது பக்கத்தில் இருந்தால் கஞ்சி ஊட்டும் என் கை இன்னும் கொஞ்சம் பதமாகப் போகும்.

ஆறு மாதம் போயிருக்கும். நாகர்கோவிலில் ஒரு கூட்டத்தில் தொண்டைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். பேச்சு எழுத இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். எழுந்துபோய்த் திருப்பிவிடவில்லை. பகல் முழுக்க உழைத்துவிட்டுத் தூங்கிய மனைவியை எழுப்பவும் இல்லை. பேச்சு நன்றாக இருந்தது என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து பெரியம்மைக்கு உடம்பு துடைக்கும்போது பார்த்தேன், வால் எலும்புக்கு மேல் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவப்பு. விரலால் அழுத்தினாலும் வெளுக்கவில்லை. நாலு நாளில் தோல் விட்டுவிட்டது.

அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆனது. காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் தினமும் கழுவி, துணி வைத்துக் கட்ட வேண்டும். முதல் நாள் நாற்றம் தாங்காமல் வெளியே ஓடி வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது பெரியம்மை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள். கோணிய வாயால், "உனக்கு அறப்பா இருக்கும் மக்கா. விட்டுரு" என்றாள்.

நான் செய்த தப்புக்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தாள். அத்தனை மாதமும் தன் உடம்பை இன்னொருத்தர் கையில் விட்டுவிட்டுக் கிடப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய பாடு என்று எனக்கு அன்றுதான் உறைத்தது. அதுவரை நான் என் பொறுமையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமும், புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாகிறதா, நடுவில் மஞ்சள் குறைகிறதா, இதுதான் என் நினைப்பு. மணி அடித்தால் எழுந்துபோய்த் திருப்புவேன். அன்றைக்கு எனக்குக் கோபமா, அலுப்பா, பக்தியா என்று புண் கேட்காது. என்னைப் பற்றி நான் நினைப்பது தானாகக் குறைந்துபோயிருந்தது. சேவையால் வருகிற ஆன்மிக வளர்ச்சி என்று நான் நம்புவது அதைத்தான். நடந்துகொண்டிருந்தபோது அது எனக்குத் தெரியவும் இல்லை.

உங்களுக்கு வந்த குமட்டலை நான் குறையாக நினைக்கவில்லை. அடுத்த வாரம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருக்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். கேட்பதற்கு முன்னால் அவர் எத்தனை ஞாயிற்றுக்கிழமை யோசித்திருப்பார்! குனிந்தால் கை காலுக்கு எட்டாத வயதில், பேரன் வயதுப் பையனிடம் காலை நீட்டிக் காட்டுவது லேசான காரியமா?

ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். செல்போனை வண்டியிலேயே வையுங்கள். வயதானவர்களின் கால் நகம் தடித்துக் கட்டையாக இருக்கும், சின்ன நகவெட்டி கடிக்காது. மருந்துக்கடையில் பெரிதாக ஒன்று வாங்குங்கள். போனதும் அவருக்குச் சர்க்கரை உண்டா என்று அங்கே கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சதையில் பட்டாலும் அவருக்குத் தெரியாது, சின்னக் காயம்கூடப் பெரிய புண்ணாகிவிடும். அப்படியென்றால் நர்ஸ் வெட்டட்டும், நீங்கள் காலைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். சர்க்கரை இல்லையென்றால் ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் காலைப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். விரல் இடுக்குகளை நன்றாகத் துடைத்துவிட்டு, நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, நேராக வெட்டுங்கள். ஓரத்தை உள்வளைத்து வெட்டினால் மறுபடியும் சதைக்குள் குத்தும். குமட்டினால் வெளியே போய் முகம் கழுவிவிட்டு வாருங்கள். வரும்போது மறு காலுக்குக் கொஞ்சம் சூடான தண்ணீர் எடுத்து வாருங்கள்.