பழைய அறிவுரை நூல்களும் அம்மாவின் மீதான கோபமும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

பெண்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பல்வேறு காலங்களில் எழுதப்பட்ட அறிவுரை நூல்களை ஆய்வுக்காகப் படித்து வருகிறேன். 1393 வாக்கில் பாரிஸில் வயதான ஒருவர் தம் 15 வயது மனைவிக்கு எழுதிய நூலில், தமக்குப் பின் அவள் வேறொருவரை மணந்தால் அவருக்கும் நன்றாகப் பணிவிடை செய்ய இது உதவும் என்கிறார். அதைப் படித்து வந்த கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால், எதிர்த்துப் பேசாதே, பின்தூங்கி முன்னெழு என்று அதே விதிகளைச் சொல்லி வளர்த்த, இன்று உயிருடன் இல்லாத என் அம்மாவின் மீதும் கோபம் வருகிறது. உரக்கச் சிரித்துவிட்டால் இன்றும் மனம் உறுத்துகிறது. அம்மாவைக் குறை சொல்லும்போது அதைவிட அதிகமாக உறுத்துகிறது. நான் என்ன செய்வது?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உரக்கச் சிரித்ததால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. அப்போது எழும் உறுத்தல், நீங்கள் தவறு செய்ததற்குச் சான்றல்ல. சிறுவயதில் பதிந்த ஒரு விதியை மீறியதற்கான அச்சம் மட்டுமே.

அம்மாவைப் பற்றிய உறுத்தல் வேறு. சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் பான் சாவ் என்ற பெண் அறிஞர் எழுதிய பெண்களுக்கான அறிவுரை நூலின் முன்னுரையை நிதானமாகப் படித்துப் பாருங்கள். தமையன் முடிக்காமல் விட்டுச்சென்ற ஹான் அரச மரபின் வரலாற்று நூலை நிறைவு செய்த அவர், 14 வயதில் மணமாகிச் சென்றதிலிருந்து 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பெற்றோருக்கு இழுக்குத் தேடித் தந்துவிடுவோமோ என்று அஞ்சியதையும், இப்போது நோயுற்ற நிலையில் தம் மகள்களை எண்ணிக் கலங்குவதையும் அதில் சொல்கிறார். இரவு தாமதமாக உறங்கி அதிகாலையில் எழ வேண்டும் என்ற விதியும் அந்த நூலில்தான் இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கல்வி கற்பிப்பது சரியா என்ற கேள்வியும் அதில்தான் இருக்கிறது. பாரிஸ் கணவர் தம் வசதியையும் மதிப்பையும் கருதி எழுதினார். பான் சாவ் எழுதியதோ, பயந்துபோன ஒரு தாய், தான் தாக்குப்பிடித்த வழியை மகள்களிடம் ஒப்படைப்பது. விதிகள் அநீதியானவை என்பதை இது மாற்றிவிடாது.

உங்கள் அம்மா எந்த வகை என்று நான் தீர்மானிக்க இயலாது. அவருடைய குரல் மனத்தில் எழும்போதெல்லாம், அந்த விதியை ஒரு தாளில் எழுதி, அதற்குக் கீழே, ‘இதனால் யாருக்கு ஆதாயம்?’, ‘எனக்கு என்ன நேர்ந்துவிடும் என்று அம்மா பயந்தார்?’ என்ற இரு கேள்விகளுக்கும் பதில் எழுதுங்கள். அவரை மன்னித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். அன்பும் கோபமும் ஒருவர் மீதே இருக்கலாம். அனுப்பப்போவதில்லை என்ற உறுதியோடு அவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கோபத்தைக் குறைத்து எழுத வேண்டியதில்லை. இதற்குப் பிறகும் உறக்கமோ ஆய்வுப் பணியோ தொடர்ந்து பாதிக்கப்பட்டால், ஓர் ஆலோசகரை நேரில் சந்தித்துப் பேசுங்கள்.